தேரடிச் செவத்துல திரை கட்டப் போற பேராண்டிக்கு

எய்யா, நல்ல காரியம். பிரவுசருக்குள்ளயே ஊரைக் கட்டிட்டேன்னு காட்டுன. கோபுரம், தெப்பக்குளம், தேரடி, கல்மண்டபம், தூணுல இருக்க வெடிப்பு வரைக்கும் அச்சா வந்திருக்கு. விரலால இழுத்தா ஊரே சுத்துது. தெருவுல ஒரு ஆட்டுப்புழுக்கை கெடையாது. அம்புட்டு சுத்தத்தைப் பாத்ததும் இது எந்த ஊருன்னு எனக்கே சந்தேகம் வந்துட்டு. இப்போ அந்த மண்டபத்துச் செவத்துல திருவிழாவை லைவா ஓட்டணும், துபாய்லயும் சிங்கப்பூர்லயும் இருக்க சொந்தபந்தமெல்லாம் உள்ள வந்து நின்னு பாக்கணும்ங்க.

தாராளமாச் செய்யி. நான் குறுக்க நிக்க மாட்டேன். குறுக்க நிக்கதுக்குன்னே வேற நாலு பேரு இருக்காங்க: கிராபிக்ஸ் சிப்பு, பிரவுசரு, வீடியோ வார சர்வரு, பாக்க வாரவன். நாலு பேருகிட்டயும் கேக்காம செவத்துல ஆணி அடிக்காத. இதுதான் எம்புத்தி. மிச்சம் சொல்லப் போறதெல்லாம் நீ கேக்க மாட்டேன்னு தெரிஞ்சே சொல்லுதது.

உலகத்துலயே இதை நீதான் மொதல்ல நெனைச்சேன்னு கூட்டாளிமாருகிட்ட பேசிக்கிட்டுத் திரியுதியாம். பேசு, தப்பில்ல. நரைச்ச தலை எதுவும் பக்கத்துல இல்லாமப் பாத்துப் பேசு. மார்க் பெஷி, டோனி பரிசின்னு ரெண்டு பேரு வலையில முப்பரிமாணம் காட்டுத ‘லேபிரிந்த்’ங்கிற பிரவுசரைச் செஞ்சு, 1994ல ஜெனீவாவுல மொத உலக வலை மாநாடு கூடுனப்பவே அந்தப் பேச்சு வந்துட்டு. அதுலேருந்து வெளைஞ்சதுதான் விஆர்எம்எல்ங்கிற முப்பரிமாண மொழி. 1997ல அது ஐஎஸ்ஓ தரமாவே ஆயிட்டு. அந்தத் தரத்துக்குள்ள ‘மூவிடெக்ஸ்சர்’னு ஒண்ணு உண்டு. எந்தச் செவத்தைக் காட்டுனாலும் அதுல படம் ஓட்டும். படத்தோட சத்தத்தை ஒரு எடத்துல நட்டு வச்சு, கிட்டப் போனாக் கூடவும் எட்டப் போனாக் கொறையவும் வைக்கலாம். உங்க அப்பன் கணக்கு டியூஷனுக்குன்னு சைக்கிள் எடுத்துட்டுப் போயி கிரிக்கெட் ஆடுன காலம் அது.

பொறவு ஏன் ஊரெல்லாம் ஓடலன்னு கேளு. அந்தத் தரம் நம்பியிருந்த எம்பெக்-1 வீடியோ, நொடிக்கு ஏறக்குறைய 15 லட்சம் பிட்டு தின்னும். அன்னைக்கு வீட்டுல இருந்த நல்ல மோடமே நொடிக்கு 56 ஆயிரம் பிட்டுதான். ஒரு நிமிஷப் படம் எறங்க 27 நிமிஷம் ஆகும். அதுக்குள்ள வீட்டுக்காரி போன் பேசணும்னு ரிசீவரை எடுத்தா, அதுவும் போச்சு. அன்னைக்கு இல்லாதது யோசனை இல்ல எய்யா, வழிதான். விஆர்எம்எல்லுக்குப் பொறவு 2004ல எக்ஸ்3டி தரமாச்சு. 2011 மார்ச்சுல வெப்ஜிஎல் வந்து, பிளக்இன் எதுவும் இல்லாம பிரவுசரே கிராபிக்ஸ் சிப்போட நேரா பேச ஆரம்பிச்சுட்டு. அதுக்கு மேல, ரிக்கார்டோ கபெல்லோங்கிற ஆளு 2010லயே வெளிய விட்ட த்ரீ.ஜேஎஸ்ங்கிற நிரல் நூலகம் இன்னைக்கு ஒங்கையில இருக்கு. நாலு வரி எழுதுனா செவத்துல வீடியோ ஓடிரும். நாலு வரியில ஓடுதது நாப்பது நாள் அலைய வைக்கும். அது உனக்கு இந்தத் திருவிழாவுல தெரியும்.

எனக்கென்ன எய்யா தெரியும், நான் எழுத்துக்கூட்டிப் படிக்கவன். ஆனாலும் கேளு, மொத ஆளு கிராபிக்ஸ் சிப்பு. வீடியோ செவத்துல ஓடுதுன்னு நீ நெனைக்கது பொய்க்கணக்கு. வீடியோ ஓடுதது பக்கத்துக்குள்ள ஒளிச்சு வச்ச வீடியோ டேக்ல. அதுல இருந்து ஒவ்வொரு ஃப்ரேமா எடுத்து, டெக்ஸ்சர்னு சொல்லுதீங்களே, அதுல நகலெடுத்து ஒட்டுதாங்க. செவரு காட்டுதது கடைசியா ஒட்டுன படத்தை. 1920க்கு 1080 அளவுல ஒரு ஃப்ரேமு 20,73,600 புள்ளி. புள்ளிக்கு நாலு பைட்டுன்னு வச்சா 83 லட்சம் பைட்டு. நொடிக்கு 30 ஃப்ரேமுன்னா ஏறக்குறைய 25 கோடி பைட்டை எழுதி எழுதி அழிக்கணும். இது ஒரு செவத்துக்கு. நீ மண்டபத்துக்கு நாலு, கோபுர வாசலுக்கு ரெண்டு, டீக்கடைக்கு ஒண்ணு, குளத்துத் தண்ணிக்குள்ள எதிரொளிக்க ஒண்ணுன்னு பட்டியல் போட்டு வச்சிருக்க. போடு, நல்லாப் போடு. போனு கொதிக்கும்போது மேல ஒரு டம்ளர் பாலை வச்சிரு. கரண்டுச் செலவு வீணாப் போகாது.

அதுலயும் ஒரு கூத்து உண்டு. ஒன் கோவில் வீடியோவுக்கு நொடிக்கு 25 ஃப்ரேமு. ஒன் ஊரு நொடிக்கு 60 தடவை வரையப்படுது. ஒவ்வொரு தடவையும் டெக்ஸ்சரைப் புதுப்பின்னு எழுதி வச்சேன்னா, 35 தடவை அதே பழைய படத்தையே வேர்க்க விறுவிறுக்கத் திரும்ப ஒட்டிக்கிட்டு இருப்ப. இதுக்குன்னே ‘ரிக்வெஸ்ட் வீடியோஃப்ரேம் கால்பேக்’னு மூச்சு வாங்க வைக்குத பேருல ஒண்ணு, 2020ல குரோம் 83வது பதிப்புல வந்துச்சு. புது ஃப்ரேமு வந்தா மட்டும் ஒன்னைக் கூப்பிடும். புது த்ரீ.ஜேஎஸ்ஸுல வீடியோடெக்ஸ்சரே அதைப் பாத்துக்கிடும். நீ செய்ய வேண்டியது பழைய பதிப்பைப் புடிச்சுத் தொங்காம இருக்கதுதான். அது ஒனக்குக் கஷ்டம்னு தெரியும். உங்க அப்பன் புள்ளைலா.

அடுத்த ஆளு பிரவுசரு. பக்கம் தொறந்த ஒடனே நாயனமும் தவிலும் காதைப் பிளக்கணும்ங்கது ஒன் ஆசை. சிங்கப்பூர்க்காரன் ஆபீஸ்ல மேனேஜரு பக்கத்துல ஒக்காந்து திறப்பான், நெனச்சுப் பாத்தியா? நீ நெனைக்கல, பிரவுசர்காரன் நெனைச்சான். 2018 ஏப்ரல்ல குரோம் 66 வந்ததுலேருந்து, பாக்கவன் அந்தப் பக்கத்தைத் தொடாம, அமுக்காம, சத்தத்தோட வீடியோ தானா ஓடப் பொதுவா விடாது. சத்தத்தை அமத்திட்டா ஓடும். ஐபோன்ல 2016ல ஐஓஎஸ் 10 வார வரைக்கும் இன்னும் மோசம். வீடியோ ஓடுனாலே முழுத்திரையையும் அடைச்சுக்கிட்டு நிக்கும். ஒன் மண்டபமும் தெரியாது, மண்டபத்தைக் கட்டுன நீயும் தெரிய மாட்ட. இப்போ ‘பிளேஸ்இன்லைன்’னு ஒரு சொல்லு எழுதி வச்சா பக்கத்துக்குள்ளயே அடங்கி ஓடும்.

ஆகையினால வாசல்ல ஒரு பட்டன் வையி: ‘உள்ள வாங்க’ன்னு. வாரவன் அதைத் தொடுத அந்த நிமிஷமே பிளேன்னு சொல்லு. கேட்டுட்டுச் செஞ்ச மாதிரியும் ஆச்சு, சட்டம் மீறாத மாதிரியும் ஆச்சு. ‘ஓடு’ன்னு சொன்னதும் ஓடிட்டுன்னு நம்பிராத. பிரவுசரு மறுத்தா மறுத்தேன்னு திருப்பிச் சொல்லும். அந்தப் பதிலுக்கும் காது குடு. ஓடலன்னா செவத்துல ஒரு நிலைப்படமாவது இருக்கட்டும். இல்லன்னா கருகும்முனு ஒரு சதுரம் தெரியும். மண்டபத்துல ஓட்டை விழுந்திருக்குன்னு நெனச்சு, சிங்கப்பூர்க்காரன் திருப்பணிக்கு நன்கொடை அனுப்பிருவான்.

மூணாவது ஆளு சர்வரு. இங்கதான் பெரிய பெரிய வித்துவானெல்லாம் வேட்டி நழுவி நிக்கது. ‘யூடியூப்ல லைவ் போவுது தாத்தா, அந்த லிங்கைக் கொண்டாந்து செவத்துல ஒட்டிருவேன்’னு சொன்ன. எவ்வளவு சுளுவா சொல்லுத! யூடியூப் ஒனக்குக் குடுக்கது ஐஃப்ரேம். ஐஃப்ரேமைப் புடிச்சு டெக்ஸ்சரா ஆக்க வழியில்ல. சிஎஸ்எஸ்ஸை வச்சுச் சாய்ச்சு, திருப்பி, செவத்து மேல ஒட்டுனாப்புல காட்டுத வித்தை ஒண்ணு உண்டு, த்ரீ.ஜேஎஸ்ஸுலயே அதுக்குத் தனி ரெண்டரர் இருக்கு. ஆனா அது வேற அடுக்கு. முன்னால தூணு நின்னாலும் வீடியோ தூணுக்கு மேலதான் தெரியும். தூணைக் கிழிச்சுக்கிட்டு வருத சாமியைப் பாத்து நரசிம்ம அவதாரம்னு கும்புட்டாலும் கும்புடுவாங்க.

சரி, வேற எவனோ வச்சிருக்க வீடியோ கோப்பையே நேரா எடுத்துக்கிடுதேன்ங்க. பக்கத்துல சும்மா ஓட விடுதேன்னா பிரவுசரு விடும். அதை வெப்ஜிஎல்லுக்குள்ள இழுக்கப் போனா, பாதுகாப்புத் தப்புன்னு கைய மடக்கிரும். அடுத்தவன் தோப்பு மாங்கா மாதிரி எய்யா: தெருவுல நின்னு எம்புட்டு நேரம் வேணும்னாலும் பாக்கலாம், பறிக்கணும்னா தோப்புக்காரன் வாய்தொறந்து சொல்லணும். இது பிரவுசர்காரன் வீம்புக்குச் செய்யுததுன்னு நெனைக்காத. 2011ல ஆராய்ச்சிக்காரங்க ஒரு திருட்டு வழியைக் கண்டு சொன்னாங்க. படத்துல இருட்டுப் புள்ளிக்கு ஒரு நேரம், வெளிச்சப் புள்ளிக்கு ஒரு நேரம் எடுக்குத மாதிரி ஷேடர் எழுதி, அந்த நேர வித்தியாசத்தை அளந்தே, படிக்க அனுமதியில்லாத படத்தைத் திரும்ப வரைஞ்சிரலாம்னு. அந்த வருசமே ஃபயர்ஃபாக்ஸ் 5 அடுத்த தளத்துப் படங்களை டெக்ஸ்சரா எடுக்கதை நிப்பாட்டிட்டு. பொறவு அனுமதி கேட்டு எடுக்க வழி வந்துச்சு. அதுதான் நீங்க கோர்ஸ், கோர்ஸ்னு பொலம்புதது.

கேக்க மொறை இதுதான்: வீடியோ டேக்ல ‘கிராஸ்ஆரிஜின்’னு எழுதணும், அதுவும் முகவரியைக் குடுக்கதுக்கு முன்னாலயே. அந்தப் பக்கத்து சர்வரும் ‘இந்தத் தளத்துக்குக் குடுக்கலாம்’னு தலைப்புல எழுதி அனுப்பணும். லைவ் வீடியோ துண்டு துண்டாவும், அந்தத் துண்டுகளுக்கு ஒரு பட்டியலுமா வரும்; அதை ஓட்டுதவங்க ஒரு தப்பு விடுவாங்க. பட்டியல் கோப்புக்கு அனுமதி எழுதிட்டு, வீடியோத் துண்டுகளுக்கு எழுத மறந்துருவாங்க. பட்டியல் வரும், படம் வராது. இன்னொரு நுணுக்கமும் சொல்லுதேன். படத்துக்கு மட்டுமில்ல, சத்தத்துக்கும் இதே கதி. அனுமதியில்லாத வீடியோவோட சத்தத்தை வெப் ஆடியோவுக்குள்ள கொண்டுபோயி தெசை வச்சு ஒலிக்கப் பாத்தேன்னா, மறுக்காது, ஊமையா நிக்கும். நீயும் ஸ்பீக்கரைத் தட்டிக்கிட்டே விடிய வச்சிருவ.

இப்போ லைவுக்கு வா. ‘லைவ்’னா அந்தக் கணத்துலயே தெரியும்னு சொந்தபந்தத்துக்கெல்லாம் வாட்ஸப்ல அடிச்சு விட்டிருக்க. பாவம். ஆப்பிள் 2009ல கொண்டாந்த ஹெச்எல்எஸ்தான் இன்னைக்கும் நெறையப் பேரு ஓட்டுதது. வீடியோவைத் துண்டு துண்டா நறுக்கி, பட்டியல் போட்டு அனுப்பும். 2012ல வந்த டாஷும் அதே சாதிதான். துண்டு ஒண்ணு ஆறு நொடின்னு ஆப்பிளே பரிந்துரை சொல்லுது. பிளேயரு மூணு துண்டு பின்னால நின்னு ஓட்டுனா, அதுலயே 18 நொடி போயிட்டு. கேமராவுலேருந்து சர்வருக்குப் போகுத நேரம் தனி. உங்க அத்தை தேரடியில நின்னு துபாய்க்குப் போன் போடுவா: ‘வேட்டுச் சத்தம் கேட்டுச்சா? தேரு கெளம்பிட்டு!’ துபாய்க்காரன் போனுல வேட்டைக் கேட்டுட்டு ஒன் செவத்தைப் பாப்பான். அங்க வேட்டுக்காரன் இன்னும் தீப்பெட்டியைத் தேடிக்கிட்டு இருப்பான்.

உடனுக்குடன் வேணும்னா வெப்ஆர்டிசி இருக்கு. 2021ல டபிள்யூ3சி பரிந்துரையாவே ஆயிட்டு. ஒரு நொடிக்குள்ள படம் வந்து சேந்துரும். ஆனா ஹெச்எல்எஸ் துண்டு சாதாரணக் கோப்பு. எங்க வேணும்னாலும் நகல் வச்சு ஆயிரம் பேருக்குக் குடுக்கலாம். வெப்ஆர்டிசியில ஒவ்வொருத்தனுக்கும் சர்வரு தனித்தனியா ஓடையைக் கட்டி அனுப்பணும். ஆளு கூடக்கூட வாடகை ஏறும். துபாய்க்காரன் வேட்டுக்காரன்கிட்ட பேசப் போறானா? இல்லல்லா? அப்போ 20 நொடி தாமதத்துக்குச் செலவில்லாத மருந்து ஒண்ணு இருக்கு: அத்தைகிட்ட இருந்து போனைப் புடுங்கி வச்சிரு.

சில்லறைச் சோலியெல்லாம் வேகமா சொல்லிருதேன், எழுதிக்கோ. செவத்துக்கு வெளிச்சத்தால மாறுத மெட்டீரியல் போட்டா சாயங்காலம் ஆனதும் வீடியோவும் இருண்டுரும். வெளிச்சத்துக்கு மசியாத பேசிக் மெட்டீரியலைப் போடு. வண்ண வெளியை எஸ்ஆர்ஜிபின்னு சொல்லலன்னா, சந்தனக்காப்பு வெளிறிப் போயி திருநீறா தெரியும். செவரு 16க்கு 9ன்னு இல்லன்னா பூசாரி ஒண்ணு பருத்திருவாரு, இல்ல நெடுநெடுன்னு வளந்துருவாரு. அவரு ஏற்கெனவே பருமன், மேற்கொண்டு வேண்டாம். முக்கியமா, வீடியோவுக்குக் கீழ வழக்கமா வருத நிறுத்துத பட்டன், சத்தம் கூட்டுத கோடு, எழுத்து வசனம் எதுவுமே டெக்ஸ்சருக்குள்ள வராது. அதெல்லாம் பிரவுசரு மேல போடுத அலங்காரம். ஒன் செவத்துக்கு நீயேதான் பட்டன் செய்யணும், தொட்ட எடம் எதுன்னு நீயேதான் கணக்குப் போடணும், காது கேக்காதவனுக்கு எழுத்தை நீயேதான் வரையணும்.

நாலாவது ஆளு பாக்க வாரவன். அவனை நீ கணக்குலயே எடுக்கல. ஹெச்எல்எஸ் பிளேயரு நெட்டு வேகத்தைப் பாத்துத் தரத்தை ஏத்தி எறக்கும். கெட்டிக்காரன்தான். ஆனா பாக்கவன் தெப்பக்குளத்து அந்தக் கரையில நிக்கான், செவரு அவனுக்குத் தீப்பெட்டி அளவுதான் தெரியுதுன்னு அதுக்குத் தெரியாது. நெட்டு நல்லா இருந்தா அந்தத் தீப்பெட்டிக்குள்ள 1080 தரத்தைக் கொண்டாந்து கொட்டும். செவரு எம்புட்டு எட்டத்துல இருக்குன்னு தெரிஞ்சவன் நீ ஒருத்தன்தான். பிரவுசருல ஹெச்எல்எஸ் ஓட்டுத ஹெச்எல்எஸ்.ஜேஎஸ்ஸுல தரத்துக்கு உச்சவரம்பு வைக்க எடம் இருக்கு. எட்ட நின்னா எறக்கு, கிட்ட வந்தா ஏத்து. அவன் கோபுரத்தைப் பாக்கத் திரும்பிட்டான், செவரு முதுகுக்குப் பின்னால போயிட்டுன்னா, படம் ஒட்டுத வேலையை நிப்பாட்டு. சத்தம் மட்டும் தெசையோட கேட்டுக்கிட்டு இருக்கட்டும். குளத்தைத் தாண்டி வெகுதூரம் போயிட்டானா, வீடியோவையே நிறுத்து. திரும்பி வந்தா, விட்ட எடத்துலேருந்து ஓட்டாத. லைவோட நுனிக்குத் தாவு. இல்லன்னா தேரு நிலைக்கு வந்து பொங்கல் குடுத்து முடிஞ்ச பொறவும் அவனுக்கு வடம் புடிச்சுக்கிட்டே இருப்பாங்க.

கடைசியா ஒரு கேள்வி, கோவப்படாம பதில் சொல்லு. வெறும் வீடியோ பாக்கதுக்கு ஒன் மண்டபம் எதுக்கு? சாய்ஞ்ச செவத்துல, தூணு மறைக்க, எட்டத்துல நின்னு பாக்கதை விட, படுத்துக்கிட்டே போனைப் பக்கவாட்டுல புடிச்சா சாமி முழுசாத் தெரியுமே. ஒன் ஊர்ல அதிகம் அமுக்கப்படப் போற பட்டன் முழுத்திரைப் பட்டன்தான். அதனால அதை மறக்காம வையி, கண்ணுல படுத எடத்துல வையி. மூஞ்சியைத் தூக்காத. முப்பரிமாணத்துக்கு வேலையே இல்லன்னு நான் சொல்லல. எடத்துக்கு அர்த்தம் இருந்தா வேலை இருக்கு. நாலு ரத வீதியிலயும் நாலு கேமரா வைக்கப் போறாங்கல்லா? அந்த நாலையும் ஒரே மண்டபத்துல அடுக்காத. கீழ வீதிக் கேமராவுக்குக் கீழ வீதியிலயே திரை, மேல வீதிக்கு மேல வீதியிலயே. வாரவன் தேரு எங்க நிக்குன்னு தேடி நடந்து போகட்டும். அவன் கிட்ட நிக்க திரை மட்டும் ஓடட்டும், மத்த மூணும் நிலைப்படமா நிக்கட்டும். சிப்பும் கொதிக்காது, நெட்டும் தாங்கும், தேரு வீதி வீதியா வாரதும் விளங்கும். அப்போதான் அது ஊரு. இல்லன்னா டிவி ஷோரூமு.

கேட்டா கேளு, கேக்காட்டி போ. ஆனா இதையெல்லாம் தாத்தா சொன்னாருன்னு உங்க அப்பன்கிட்ட மட்டும் மூச்சு விட்டுராத. எனக்குப் போனுல ரீசார்ஜ் போடக்கூடத் தெரியாதுன்னு நம்பி, பாவம், மாசாமாசம் அவன்தான் போட்டுக்கிட்டு வாரான்.